இழைமணி இலக்கணம்

பாயிரம்

நூல் என்று ஒன்றை எழுத உட்கார்ந்தால் பாயிரம் இல்லாமல் தொடங்கக் கூடாது. எழுதியவன் யார், நூல் எந்த எல்லைக்குள் வழங்கும், கேட்பவர் யார், கேட்டால் என்ன கிடைக்கும் என்பது முதலாக எட்டுச் செய்தி அதில் வந்தாக வேண்டும். எட்டையும் இழுக்காமல் நான்கில் முடிக்கிறேன். எழுதியவன், முப்பது ஆண்டு பள்ளியில் புணர்ச்சி விதி நடத்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எல்லை, நாலாபுறமும் சவ்வு. உள்ளே ஒரே ஓர் இதயத் தசைச் செல். அதன் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். கேட்பவன், மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் தங்கை மகன். பயன், அவனுக்குப் பத்து மதிப்பெண்.

நூல் பிறந்த காரணமும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புலம்பினான். “மாமா, இந்த மைட்டோகாண்ட்ரியா ஒண்ணோட ஒண்ணு சேருதுங்கறான், பிரியுதுங்கறான், செல்லே அதைத் தின்னுதுங்கறான், வெளிய தள்ளுதுங்கறான். எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான் போட்டிருக்கான், ஹெல்த்தியா வெச்சுக்கறதுக்குன்னு. எதை எதுக்குக் கீழ எழுதறதுன்னே தெரியல.”

சேர்வது, பிரிவது, தோன்றுவது, திரிவது, கெடுவது. இதையே முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதியவனிடம் வந்து ஒருவன் வகை தெரியவில்லை என்கிறான். விட முடியுமா?

பெயரியல்

பொருளுக்கு முன் பெயர். 1857-இல் கோலிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தசையில் இந்தப் பொடிமணிகளைப் பார்த்தார். 1890-இல் ஆல்ட்மன் இவை தனி உயிர்கள் என்று நினைத்துப் ‘பயோபிளாஸ்ட்’ என்று பெயர் வைத்தார். ஊர் சிரித்தது. 1898-இல் கார்ல் பெண்டா இழை என்ற கிரேக்கச் சொல்லையும் மணி என்ற கிரேக்கச் சொல்லையும் ஒட்டி மைட்டோகாண்ட்ரியான் என்றார். தமிழில் ‘இழைமணி’ என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிழை இல்லாத பெயர். ஆனால் என்ன தொகை?

இழையும் மணியும் என்று விரித்தால் உம்மைத்தொகை. இழை போன்ற மணி என்றால் உவமைத்தொகை. இழையாகிய மணி என்றால் இருபெயரொட்டு. தோல் செல்லை வளர்த்துப் பார்த்தால் நீண்ட நூலாக ஓடும், கணத்தில் துண்டாகும், மறுபடி நூலாகும். அங்கே உம்மைத்தொகை சரி. வளர்ந்த இதயச் செல்லில் இழை அருமை. மூட்டையில் அடைத்த நெல் போல மணிகள் நெருக்கியடித்து நிற்கும். ஆக, தொகை செல்லுக்குச் செல் மாறும் என்க. இதை எந்த உரையாசிரியரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்பது பள்ளிப் பாடத்தின் இரண்டு மதிப்பெண் விடை. 1957-இல் சீகெவிட்ஸ் ஓர் அறிவியல் இதழில் எழுதிய தலைப்பிலிருந்து கிளம்பிய உவமை அது. எனக்கு அதில் மனக்குறை உண்டு. மின் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கும். பழுதானால் மின்வெட்டோடு போகும். இழைமணி வீட்டுக்குள் எரியும் அடுப்பு. பழுதானால் புகையும், பொறி தெறிக்கும், சமயத்தில் கூரையையும் பிடிக்கும்.

ஆல்ட்மனைப் பார்த்துச் சிரித்த ஊர் 1967-க்குப் பிறகு மெல்ல வாயை மூடிக்கொண்டது. அந்த ஆண்டில் லின் மார்குலிஸ், பல இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை ஒன்றை ஒருவழியாக அச்சேற்றினார். இழைமணி என்பது என்றோ ஒரு செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழித்தோன்றல் என்பது அதன் சாரம். குடிவந்தவர் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமானில் மிச்சம் இன்றும் உள்ளே இருக்கிறது. 16,569 எழுத்து நீளமுள்ள வட்டமான டி.என்.ஏ., அதில் 37 மரபணு, அவற்றில் புரதத்துக்கு உரியவை 13. மீதிச் சாமானையெல்லாம் காலப்போக்கில் வீட்டுக்காரரின் பெட்டியில், அதாவது செல்லின் கருவில், வைத்துவிட்டார்.

இடவியல்

இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைமணிதான். கோழிக்கடையில் நிற்கும்போது தட்டைப் பாருங்கள். நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும், கோழி எப்போதாவதுதான் பறக்கும், அந்தத் தசைக்கு வேலை இல்லை. அதே கோழியின் இதயம், கட்டைவிரல் நுனி அளவு, கருஞ்சிவப்பாக இருக்கும். முட்டைக்குள்ளேயே துடிக்க ஆரம்பித்து, கத்தி வரும்வரை நிற்காத தசை அது. அந்த நிறத்தில் இழைமணிகளின் இரும்புக்கும் பங்கு உண்டு.

இருக்கும் இடத்தால் இழைமணி மூவகைப்படும்: மதிலோரத்தவை, பிராகாரத்தவை, கருவறையைச் சுற்றியவை. மதிலோரத்தவை செல்லின் வெளிச்சவ்வுக்கு அடியில் குவிந்திருக்கும். பிராகாரத்தவை, சுருங்கி விரியும் தசையிழைகளுக்கு இடையே தூண் வரிசைபோல் நிற்கும். கருவைச் சுற்றியவை கருவைச் சுற்றியவை. முதல் இரண்டையும் 1977-இல் ஹாப்பலும் தோழர்களும் தனித்தனியே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மதிலோரத்தவை அரைத்த மாத்திரத்தில் கழன்று வந்தன. பிராகாரத்தவை வரவில்லை, தசையிழையைக் கரைக்கப் புரதம் அறுக்கும் நொதி ஊற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு நெருக்கம். இந்த நெருக்கத்தை வாசகர் நினைவில் முடிந்துகொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அற்றேல், இவ்வளவு இழைமணி எதற்கு என்பார்க்குச் சொல்வது: இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்குச் செலவாகும் ஏ.டி.பி. என்ற எரிபொருளை எடை போட்டால் நாளுக்கு ஆறு கிலோ. இதயத்தின் எடையோ முந்நூறு கிராம் சொச்சம். தன் எடையைப்போல் இருபது மடங்கை ஒவ்வொரு நாளும் ஆக்கி ஆக்கிக் கரைக்கிறது. கையிருப்பு என்று பார்த்தால் சில நொடிக்குத்தான். கூலி வாங்கிய கையோடு கடைக்கு ஓடும் குடும்பம்.

செல் கெட்டால் வேறு செல் வராதா என்பார்க்குச் சொல்வது: வராது, வந்தாலும் காணாது. இதை அளந்த விதம் விசித்திரமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 ஏறியது, வானத்தில் வெடிப்பதைத் தடைசெய்தபின் இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் அந்தந்தக் காலத்தில் பிறந்த செல்களின் டி.என்.ஏ.வில் தேதி முத்திரையாக விழுந்துவிட்டது. சுவீடனில் யோனாஸ் ஃபிரிசேன் குழு அந்த முத்திரையைப் படித்து 2009-இல் கணக்குச் சொன்னது. இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஓர் இதயத் தசைச் செல் புதிதாகிறது. எழுபத்தைந்து வயதில் அரையும் இல்லை. பிறந்தபோது இருந்தவற்றில் பாதிக்கு மேல் சாகும்வரை கூடவே இருக்கும். குண்டு போட்டவர்களால் உலகுக்கு விளைந்த ஒரே நன்மை இந்த அட்டவணை என்று தோன்றுகிறது.

ஆக, மாற்ற முடியாத வீடு, அணைக்க முடியாத அடுப்பு. எரியும்போதே சாம்பல் அள்ள வேண்டும்.

பேணலியல்

பேணல் இருவகைத்து: இயல்பு, விகாரம். இயல்பாவது ஒன்றும் செய்யாதிருத்தல். அது எந்தச் செல்லுக்கும் கட்டுப்படி ஆகாது என்பதால் இத்துடன் விடுகிறேன். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றியது, பற்பொடியில் ‘ல்’ திரிந்தது, மரவேரில் ‘ம்’ கெட்டது. எட்டாம் வகுப்புப் பையனும் சொல்வான். மருமகன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மூன்று தலைப்பு கிடைத்துவிட்டது அவனுக்கு.

திரிதலாவது, ஆள் அப்படியே இருக்க உள்ளே பழுது பார்த்தல். இழைமணிக்குள் மடிப்புக் கலைந்த புரதத்தை நீவி மடித்துக் கொடுக்கும் துணைப்புரதங்கள் உண்டு. நீவியும் சரிப்படாததை வெட்டிப் போடும் கத்திரிகளும் உண்டு. லான் என்பது அவற்றில் பேர்போனது. இது டிங்கரிங் வேலை. தினமும் நடப்பது, பேசும்படி ஒன்றுமில்லை.

புணர்தல் அடுத்தது. இரண்டு இழைமணி நெருங்கும். வெளிச்சவ்வை மைட்டோஃப்யூசின் ஒன்றும் இரண்டும் ஒட்டும். உட்சவ்வை ஓபா-1 ஒட்டும். ஒட்டியபின் உள்ளிருப்பவை கலக்கும். இவரிடம் சேதமான புரதம் அவரிடம் நன்றாக இருக்கும். அவரிடம் பழுதான மரபணு இவரிடம் செம்மையாக இருக்கும். எதிர்வீட்டில் உறைமோர் வாங்குவதுபோலத்தான். ஒரு வீட்டுத் தயிர் புளித்தாலும் தெருவில் தயிர் அற்றுப்போகாது.

ஆனால் பிராகாரத்துத் தூண்கள் நகர முடியாதே, எப்படி நெருங்கும்? இடவியலில் முடிந்த முடிச்சை இப்போது அவிழ்க்கவும். 2013-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஒளிபட்டால் பச்சையாக மினுங்கும் புரதத்தை இழைமணிக்குள் வைத்து, ஒரு மூலையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சிவிட்டுக் காத்திருந்தார்கள். பச்சை மெல்லப் பரவியது. பக்கத்தில் ஒட்டியிருப்பவை கணநேரம் சவ்வோடு சவ்வு முட்டிக் கொடுத்துவாங்கின. அதற்கு அவர்கள் வைத்த பெயர் முத்தம். தூரத்தில் இருப்பவை மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி எட்டின. ஏறத்தாழப் பத்து மணி நேரத்தில் செல் முழுக்கப் பச்சை. ஓடியாட முடியாத அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி வழியே கிண்ணம் கைமாறுகிறது, அவ்வளவுதான். எலியின் இதயத்தில் இரண்டு மைட்டோஃப்யூசினையும் நீக்கிப் பார்த்தார்கள். இழைமணிகள் பொடிப்பொடியாகின, இதயம் ஊதித் தளர்ந்தது.

பிரிதல் அதற்கு எதிர். ட்ரப்-1 என்ற புரதம் இழைமணியின் இடுப்பில் வளையமாகச் சுற்றி இறுக்கி இரண்டாக்கும். எதற்கு வெட்டுகிறது என்பதில்தான் நெடுநாள் குழப்பம். பெருகவும் வெட்ட வேண்டும், கழிக்கவும் வெட்ட வேண்டும். ஒரே கத்திக்கு எப்படித் தெரியும்? 2021-இல் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் சுலியானா மேன்லியின் குழு, எலியின் இதயச் செல் உட்பட, ஏராளமான வெட்டுகளைப் படம்பிடித்து எங்கே வெட்டு விழுகிறது என்று குறித்தது. நடுவில் விழுந்தால் இரண்டு பாதியும் பிழைத்து வளர்ந்தன. நுனியருகே விழுந்தால் அந்த நுனித்துண்டு சோர்ந்து கிடந்து, கழிவுக்குப் போனது. எங்கள் ஊர்ப்பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் வெட்டினால் கரணை, நட்டால் முளைக்கும். பூச்சி அரித்த நுனியை வெட்டினால் அது வரப்பில் கிடக்கும். கத்தி ஒன்றே.

இதுவரை எழுதிக்கொண்ட மருமகன் கேட்டான். “புணர்தலும் பிரிதலும் அந்த மூணுல எதுல மாமா?” நியாயமான கேள்வி. திரிதலின் உட்பிரிவு என்று சமாளித்தேன். அவன் பேனாவை எடுக்கவில்லை.

கெடுதல்

இலக்கணத்தில் கெடுதல் என்றால் மறைதல். வீட்டுப் பேச்சில் கெட்டது என்றால் ஊசிப்போனது. இதயச் செல்லில் இரண்டும் ஒன்றாகின்றன. கெட்டது கெட வேண்டும். கெட்டது கெடாமல் நின்றால், அதிலிருந்து ஆக்சிஜன் பொறிகள் தெறித்து அக்கம்பக்கத்தைச் சுடும். இன்னும் முற்றினால் சவ்வு கிழிந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசியும். செல் அதைத் தன் மரண ஓலையாக எடுத்துக்கொண்டு தற்கொலை செய்துகொள்ளும். ஆகவே இந்த இயலை மட்டும் விரித்துரைப்பது குற்றமாகாது.

செல் தன் உறுப்பைத் தானே பையில் கட்டி, செரிக்கும் அமிலப் பைக்குள் கொட்டிக் கரைப்பது தன்னுண்ணல். லைசோசோம் என்ற அந்த அமிலப் பையைக் கண்ட டி டுவே 1963-இல் இந்தப் பெயரை வைத்தார். அதன் மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்த ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. இழைமணியை மட்டும் பொறுக்கியெடுத்து உண்பது இழைமணியுண்ணல்; கெடுதலில் இது முதல் வகை. நல்லதும் கெட்டதும் ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கும் கூட்டத்தில், கெட்டதை எப்படிப் பொறுக்குவது?

காலையில் எங்கள் தெருவில் பால் போடுகிறவர், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாட்டிய பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஆறு மணிக்குள் பை காலியாகிவிடும். உள்ளே எடுத்து, மூலையை வெட்டி, காய்ச்சிவிடுவார்கள். வெயில் ஏறியும் ஒரு வாசலில் மட்டும் பாக்கெட் தொங்கினால் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார். இரண்டாம் நாளும் சேர்ந்து தொங்கினால் கதவைத் தட்டுவார்.

பால் பாக்கெட்டின் பெயர் பிங்க்-1. செல் இதை ஓயாமல் ஆக்கி ஒவ்வோர் இழைமணிக்கும் அனுப்புகிறது. நலமாக உள்ள இழைமணியின் உட்சவ்வில் நூற்றைம்பது மில்லிவோல்ட் அளவிலோ அதற்கு மேலோ மின்னழுத்தம் நிற்கும். அந்த இழுப்பில் பிங்க்-1 உள்ளே போகும், அங்கே ஒரு கத்திரி அதை வெட்டும், வெட்டுப்பட்டது அழிந்துபோகும். ஆகவே நல்ல வாசலில் அதைக் காணவே முடியாது. அழுத்தம் விழுந்த இழைமணியால் உள்ளே இழுக்க முடியாது. பிங்க்-1 வாசலிலேயே தங்கும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நோயை அறிவிக்கத் தனிக் கருவி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க. தினசரி வேலை நின்றுபோனதே அறிவிப்பு.

எதிர்வீட்டு அம்மா பார்க்கின். 1998-இல் ஜப்பானில், இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த குடும்பங்களில் கண்ட மரபணுவின் புரதம். அதனால் அந்தப் பெயர். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் ரிச்சர்ட் யூலின் ஆய்வகத்தில் நரேந்திரா என்ற இளைஞர், இழைமணியின் மின்னழுத்தத்தைக் குலைத்ததும் செல் முழுக்கச் சிதறிக் கிடந்த பார்க்கின் எல்லாம் அந்தக் கெட்டவற்றின் மேல் போய் ஒட்டுவதைக் கண்டார். போய் என்ன செய்கிறது? யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை நோட்டீஸ் மாதிரி சவ்வெங்கும் ஒட்டுகிறது. ஒட்டிய நோட்டீஸின் மேல் பிங்க்-1 ஒரு பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை பார்த்து இன்னும் பார்க்கின் வருகிறது, இன்னும் நோட்டீஸ். தெருவே கூடிவிடுகிறது. பிறகு பை வரும், கட்டும், அமிலத்துக்குக் கொண்டுபோகும்.

இதயத்தில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 2013-இல் செயின்ட் லூயிஸில் ஜெரால்ட் டார்னும் தோழரும், பார்க்கின் வந்து பிடித்துக்கொள்ளும் கைப்பிடி மைட்டோஃப்யூசின்-2 என்று காட்டினார்கள். பிங்க்-1 முத்திரை குத்தியதும் அது கைப்பிடி ஆகிறது. புணர்தலில் நாம் கண்ட அதே ஆள்தான். நேற்றுவரை கல்யாணத் தரகர், இன்று பாடை கட்டுகிறார். கெட்ட இழைமணி நல்லதோடு புணர்ந்துவிடக் கூடாது என்பதால், புணர்த்துகிறவனையே பிணம் தூக்கவும் வைத்தது இயற்கை. வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று கேள்விப்பட்டவனுக்கே இது தலைசுற்றல்.

அடுத்த மயக்கம். கெட்டதுதானே கெட வேண்டும்? 2015-இல் அதே குழு, பார்க்கினைப் பிடிக்க முடியாத மைட்டோஃப்யூசின்-2 உள்ள எலிகளை ஆக்கியது. குட்டிகள் பிறந்தன, சில வாரங்களில் பெரும்பாலானவை இதயம் தளர்ந்து இறந்தன. காரணம் இது: கருவில் இருக்கும் இதயம் சர்க்கரையை எரிக்கும், பிறந்து பால் குடிக்க ஆரம்பித்ததும் கொழுப்பை எரிக்கப் பழக வேண்டும். பழைய இழைமணிகள் அதற்குச் சரிப்படா. அவற்றில் குறை எதுவும் இல்லை, ஆனாலும் கழித்துக்கட்டிவிட்டு வேறு செட் வரவேண்டும். அந்தக் கழிப்பும் பார்க்கின் வேலையே. ஆக, கெடாததும் கெடும்.

இவ்வளவு எழுதிவிட்டு ஓர் உண்மையைச் சொல்லாமல் போவது அழகல்ல. பார்க்கின் இல்லாத எலியின் இதயம் சாதாரண நாளில் நன்றாகவே துடிக்கிறது. மாரடைப்பை உண்டாக்கினால்தான் தோற்றுப்போகிறது. ஸ்காட்லாந்தில் டண்டியில் ஓர் எலி வகை வளர்த்தார்கள். அதன் இழைமணிகள் சிவப்பும் பச்சையும் ஒருங்கே மினுங்கும், அமிலப் பைக்குள் போனதும் பச்சை அணைந்து சிவப்பு மட்டும் நிற்கும். சிவப்புப் புள்ளிகளை எண்ணினால் எத்தனை இழைமணி தின்னப்பட்டது என்று தெரியும். பிங்க்-1 இல்லாத எலியிலும் இதயத்தில் புள்ளிகள் குறையவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். அன்றாடக் குப்பையை அள்ளுவது வேறு கைகள். பால் பாக்கெட்டும் எதிர்வீட்டு அம்மாவும் ஆபத்துக் காலத்துக்கு. வேறு கைகள் எவை? பி-நிப்-3, நிக்ஸ், ஃபண்ட்சி-1 என்று சவ்வில் நிரந்தரமாகப் பதிந்த கொக்கிகள் சில உண்டு, அவை பையை நேரே பிடித்திழுக்கும். கார்டியோலிப்பின் என்ற கொழுப்பும் ஒன்று; உட்சவ்வில் இருக்க வேண்டியது வெளிச்சவ்வுக்கு வந்துவிட்டால், உள்ளாடை தெரிவதுபோல், ஏதோ கோளாறு என்று செல் புரிந்துகொள்ளும்.

இடையில் ஒன்று. கார்டியோலிப்பின் என்ற பெயரில் இதயம் இருப்பதற்குக் காரணம், 1942-இல் மேரி பேங்பார்ன் அதை மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததே. தேடியது இதய நோய்க்காக அல்ல, மேகநோய்ப் பரிசோதனைக்காக. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு எழுதிக்கொடுக்கும் ‘வி.டி.ஆர்.எல்.’ சோதனையில் இன்றும் அந்தக் கொழுப்புதான் இருக்கிறது. இழைமணி இலக்கணம் தெரியாமலே நாடு முழுக்க அதன் ஒரு சொல்லைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

கெடுதலில் இரண்டாவது வகை, பொட்டலம் கட்டல். முழு இழைமணியும் கெடாமல் ஒரு மூலை மட்டும் கெட்டால், அந்த மூலையைச் சிறு குமிழியாகக் கிள்ளி அமிலப் பைக்கு அனுப்புவது. பருப்பில் கல் பொறுக்குவது. அடுத்ததற்குப் போவோம்.

மூன்றாவது வகை, மதில்மேல் எறிதல். இதை நான் எதிர்பார்க்கவில்லை, அறிவியலாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. 2017-இல் அமெரிக்காவில் மோனிகா டிரிஸ்கால் குழு, ஒரு புழுவின் நரம்பணு தன் கழிவைப் பெரிய மூட்டையாகக் கட்டி வெளியே தள்ளுவதைக் கண்டது. 2020-இல் மாட்ரிட்டில் ஆந்த்ரேஸ் ஹிடால்கோ குழு எலியின் இதயத்தில் அதையே கண்டது. இதயத் தசைச் செல் சோர்ந்த இழைமணிகளை மூட்டையாகக் கட்டித் தன் சவ்வுக்கு வெளியே நீட்டுகிறது. வெளியே மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் காத்திருக்கின்றன; தசைச் செல்களின் இடுக்குகளில் கைகளை நீட்டி உட்கார்ந்திருப்பவை. மெர்டிகே என்ற கையால் மூட்டையைப் பற்றி, விழுங்கி, செரித்துவிடுகின்றன. அந்த விழுங்கணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். வெளியே மூட்டை தேங்கியது என்பது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் செல்லுக்குள்ளே நடக்கும் தன்னுண்ணலும் தடுமாறியது, கெட்ட இழைமணிகள் உள்ளேயே குவிந்தன, இதயம் துடிக்கும் வலு குறைந்தது.

குப்பை வண்டி ஒரு வாரம் வராத தெருவில் குடியிருந்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் தெருமுனை நாறும். பிறகு வாளியைக் கொட்ட இடமில்லை என்று அடுப்படியிலேயே வைப்பார்கள். பிறகு அடுப்படி. குப்பை அள்ளுகிறவர் வேறு, வீட்டுக்காரர் வேறு என்பது சம்பளப் பட்டியலில் மட்டும்தான்.

தோன்றல்

கழித்துக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்கு எப்படி நிலைக்கும்? எலி இதயத்தில் அளந்தபோது இழைமணிப் புரதங்களின் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டரை வாரம். நேற்றைய இதயம் இன்றில்லை. செல் அதே, அடுப்பு வேறு.

புதியன ஆக்கும் வேலைக்குக் கட்டளையிடுவது பி.ஜி.சி.-1 என்ற புரதம், 1998-இல் பாஸ்டனில் புரூஸ் ஸ்பீகல்மன் குழு கண்டது. குளிர், பட்டினி, ஓட்டம் என்று தேவை வரும்போது அது கருவில் உறங்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பும். ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் கருவின் பெட்டியிலிருந்து வர வேண்டும், பதின்மூன்று மட்டும் உள்ளூரில். இரண்டு தரப்பும் பேசிவைத்துச் சமையலுக்கு உட்கார வேண்டும்.

இங்கே என் வகைப்பாட்டில் ஓட்டை விழுந்தது. வாழைப்பழத்தின் ‘ப்’ எங்கிருந்தும் வராமல் தோன்றியது. இழைமணி அப்படித் தோன்றுவதே இல்லை. ஏற்கெனவே இருப்பது வளர்ந்து, நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டாகும். அதாவது தோன்றல் என்பது பிரிதலின் ஒரு கூறு. பிரிதலைத் திரிதலுக்குள் அடக்கினேன். எனவே தோன்றல் திரிதலுக்குள். கெடுதலுக்கும் முதற்படி நுனிவெட்டு என்பதால் அதுவும் பிரிதலுக்குள். மூன்று தலைப்பும் ஒன்றாகிவிட்டன. மருமகனிடம் இதைச் சொல்லவில்லை.

தோன்றல் மிகினும் குற்றம் என்க. எலி இதயத்தில் பி.ஜி.சி.-1-ஐ ஓயாமல் ஏவிவிட்டபோது இழைமணி பெருகிப் பெருகித் தசையிழைக்கே இடமில்லாமல் போனது. அடுப்பு நிறைந்த வீட்டில் சமைக்க ஆள் நிற்க இடமில்லை. இதயம் ஊதித் தளர்ந்தது.

இன்னொரு சோதனையையும் இங்கே வைக்கிறேன். எந்த இயலிலும் அடங்காததால். டார்ன் குழு ட்ரப்-1-ஐ மட்டும் நீக்கியது. எலிகள் விரைவில் இறந்தன. மைட்டோஃப்யூசின் இரண்டையும் நீக்கியது, அவையும் நொடித்தன. மூன்றையும் சேர்த்து நீக்கினால் இன்னும் சீக்கிரம் சாகும் என்றுதானே நினைப்போம்? அவை அதிக நாள் இருந்தன. சேர்ப்பவனும் இல்லை, பிரிப்பவனும் இல்லை, வீடு உறைந்துபோனது. கழிவும் நின்றது. மூப்படைந்த இழைமணிகள் குவிந்து குவிந்து, தசை வரிசைகளை நெருக்கி, இதயம் தடித்து, கடைசியில் சாவு வந்தது, தாமதமாக. சண்டை ஓய்ந்த வீட்டில் சாமான் சேர்வதுபோல.

ஒழிபியல்

நூலை இத்துடன் முடித்திருந்தேன். போன மாதம் மருமகன் கல்லூரியிலிருந்து போன் செய்தான். “மாமா, ஹார்ட் ஸ்லைடு பாத்தோம். நியூக்ளியஸுக்கு ரெண்டு பக்கமும் மஞ்சப் பழுப்பா பொடிப்பொடியா இருக்கு. இது உங்க நூல்ல எங்க வருது?”

ஒழிபியல் என்றேன். அப்படி ஓர் இயலே நீங்கள் எழுதவில்லையே என்றான். எல்லா நூலுக்கும் கடைசியில் ஒன்று உண்டு, மற்ற இயல்களில் அடங்காமல் ஒழிந்தவற்றைச் சொல்வது, நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது.

அந்தப் பொடியின் பெயர் லிப்போஃபஸின். அமிலப் பைக்குள் கொண்டுபோன இழைமணி முழுக்கக் கரைவதில்லை. இரும்பும், வெந்துபோன கொழுப்பும், பின்னிக்கொண்ட புரதமும் சேர்ந்து எந்த நொதிக்கும் மசியாத கசடு ஒன்று நிற்கும். நெய் காய்ச்சிய சட்டியில், வடித்தபின் அடியில் ஒட்டியிருக்குமே, அந்த நிறம். பெருகிப் பிரியும் செல்களில் இது பாதி பாதியாகப் பகிர்ந்து கரைந்துவிடும். இதயச் செல் பிரிவது அரிது, பகிர ஆள் இல்லை. வெளியே எறியப்பட்டதும் போக மிச்சம், கருவின் இரு முனையிலும், பரணில் ஏற்றிய சாமான்போல், ஆண்டுக்காண்டு ஏறும். சாயம் தோய்க்காமலே தன் நிறத்தில் தெரியும். புற ஊதா ஒளியில் தானே மினுங்கும்.

அமிலப் பையே சரியில்லாமல் பிறக்கிறவர்களும் உண்டு. டானன் நோய் என்று 1981-இல் விவரித்தார்கள். லாம்ப்-2 என்ற பைச்சவ்வுப் புரதம் இல்லாததால், கட்டிய மூட்டைகள் கரையாமல் செல்லெங்கும் நிற்கும். பையன்களுக்குப் பதின்ம வயதிலேயே இதயம் தடித்துவிடும். கட்டுவதற்கு ஆள் இருந்து கொட்டுவதற்கு இடம் இல்லாத கேடு அது. ஒழிபு ஒழிபாகவே நிற்பது வேறு, எல்லாமே ஒழிபாவது வேறு.

எழுதி அனுப்பிவிட்டு, ஸ்லைடில் எத்தனை பொடி இருந்தது என்று கேட்டேன்.

“எண்ணல மாமா. நிறைய. லேபிள்ல ஏஜ் சிக்ஸ்ட்டி எய்ட்டுன்னு போட்டிருந்துச்சு.”

எனக்கும் அதே வயதுதான். அதை அவன் மறந்திருந்தான். பரீட்சை எப்போது என்று கேட்டுவிட்டு வைத்தேன்.